ப்ளர்ப் யார் எழுதுவது?

அன்புள்ள ஐயா,

என் முதல் சிறுகதைத் தொகுப்பு அச்சுக்குப் போகிறது. "பெயருள்ள யாரிடமாவது ஒரு ப்ளர்ப் வாங்கிவிடுங்கள்" என்கிறார் பதிப்பாளர். அகராதியில் பார்த்தால் புத்தகத்தைப் பற்றிய சிறு அறிமுகக் குறிப்பு என்று போட்டிருக்கிறது. அதை நானே எழுதிவிடலாமே, எதற்கு இன்னொருவர் வாசலில் போய் நிற்க வேண்டும்? அணிந்துரையும் இதுவும் ஒன்றுதானா?

ஆர்., கோவில்பட்டி

அன்புள்ள ஆர்.,

இரண்டு பொருளும் உண்டு. பிரிட்டனில் ப்ளர்ப் என்றால் பெரும்பாலும் பதிப்பகத்தார் பின்னட்டையில் எழுதும் அறிமுகம். அமெரிக்காவில் இன்னொரு எழுத்தாளரிடம் கேட்டு வாங்கிப் போடும் இரண்டு வரிப் பாராட்டு. உங்கள் பதிப்பாளர் பேசுவது அமெரிக்க வழக்கு.

சொல் பிறந்ததே கிண்டலில்தான். 1907-இல் அமெரிக்கப் புத்தக விற்பனையாளர்களின் ஆண்டு விருந்தில் கொடுப்பதற்காக, ஜெலட் பர்ஜெஸ் என்ற நகைச்சுவை எழுத்தாளர் தன் புத்தகத்துக்குத் தனியாக ஒரு மேலுறை செய்தார். அதில் ஒரு பெண் வாயருகே கையைக் குவித்துக்கொண்டு உரக்கக் கூவுகிறாள், பெயர் மிஸ் பெலிண்டா ப்ளர்ப். அட்டையில் அளந்துவிடும் புகழ்ச்சியை நையாண்டி செய்யத்தான் அவளை உண்டாக்கினார். நையாண்டி மறந்துபோய், பெயர் தொழிலில் ஒட்டிக்கொண்டது.

வேலை என்னவோ அதற்கு முன்பே நடந்துகொண்டுதான் இருந்தது. 1855-இல் அமெரிக்கச் சிந்தனையாளர் எமர்சன், கவிஞர் வால்ட் விட்மனைப் பாராட்டித் தனிப்பட்ட முறையில் ஒரு கடிதம் எழுத, விட்மன் அடுத்த ஆண்டே தன் 'லீவ்ஸ் ஆஃப் கிராஸ்' கவிதைத் தொகுப்பின் இரண்டாம் பதிப்பின் முதுகில் அதிலிருந்து ஒரு வரியை எமர்சன் பெயரோடு பொன்னெழுத்தில் அடித்துவிட்டார். எமர்சனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகாகவிதான், ஆனால் விவரமான ஆள்.

அணிந்துரை வேறு. அது நம்முடைய சிறப்புப் பாயிரத்தின் (நூலின் முன்னால் பிறர் பாடிவைக்கும் அறிமுகப் பாட்டு) வழியில் வருவது. பாயிரத்தை யார் பாடலாம் என்று நன்னூல் என்ற இலக்கண நூல் பட்டியலே தருகிறது: ஆசிரியர், உடன் படித்தவர், மாணாக்கர், தகுதியான உரைகாரர். பெரும்பாலும் வேண்டப்பட்டவர்கள்தான்! ஆனால் இன்னாருக்கு இன்னார் இன்ன முறை என்பது வெளிப்படை, படிக்கிறவர் அதற்குத் தக்கபடி கழித்துக்கொள்ளலாம். ப்ளர்பில் அந்த உறவு தெரியாது, யார் யாருக்குக் கடன் அடைக்கிறார் என்பதும் தெரியாது, அதுதான் எனக்கு அதில் பிடிக்காதது. நூலாசிரியர் தன்னைத் தானே புகழக் கூடாது என்றும் நன்னூல் சொல்கிறது (சில இடங்களில் புகழலாம் என்று உடனேயே விலக்கும் தருகிறது, அது வேறு கதை).

அமெரிக்காவிலேயே இப்போது சலிப்பு வந்துவிட்டது. எழுத்தாளர்கள் ப்ளர்ப் வாங்கித் தர வேண்டும் என்று இனிக் கட்டாயப்படுத்தப் போவதில்லை என 2025 தொடக்கத்தில் சைமன் அண்ட் ஷூஸ்டரின் பதிப்பாளர் ஷான் மேனிங் அறிவித்தார்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கதைகள் எந்த ஊரில், யாரைப் பற்றி நடக்கின்றன என்று ஆறு வரி நீங்களே எழுதுங்கள், புகழ்ச்சி வேண்டாம். பதிப்பாளர் விடவே மாட்டேன் என்றால் முழுத் தொகுப்பையும் அனுப்பி, படிக்க ஒரு மாதமாவது கொடுத்துக் கேளுங்கள். "நீங்களே எழுதி என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள் தம்பி" என்று பதில் வந்தால், வரும், நன்றி சொல்லிவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள்.