கணவர் காணாமல் போய் ஏழு வருஷம் தாண்டிவிட்டது: கோர்ட்டுக்குப் போனால் தேடலைக் கைவிட்டதாக ஆகிவிடுமா?

கேள்வி: என் கணவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார். 2017 பொங்கலுக்கு ஊருக்கு வந்துவிட்டுக் கிளம்பியவர், அந்த மாதக் கடைசியில் ஒருமுறை போனில் பேசினார். அதற்கப்புறம் தகவலே இல்லை. போலீஸ் 'ஆள் காணவில்லை' என்று எஃப்ஐஆர் போட்டது. துப்பு எதுவும் கிடைக்கவில்லை. அவர் பெயரில் ஒன்றரை ஏக்கர் நிலமும் ஒரு எல்ஐசி பாலிசியும் இருக்கின்றன. எங்கே போனாலும் இறப்புச் சான்று கேட்கிறார்கள். மாமியாரோ, "என் பிள்ளை உயிரோடுதான் இருக்கான், கோர்ட்டுக்குப் போய் அவனைச் சாகடிச்சுடாதே" என்று அழுகிறார். எனக்கும் தாலியைக் கழற்ற மனமில்லை. மகள் படிப்புக்குப் பணம் வேண்டும். என்ன செய்வது?
- விருதுநகர் மாவட்ட வாசகி

பதில்: சகோதரி, உங்கள் கணவர் இறந்துவிட்டார் என்று நீங்கள் கோர்ட்டில் சத்தியம் செய்ய வேண்டியதில்லை. ஒருவர் உயிரோடு இருந்தால் யாருக்கெல்லாம் இயல்பாகத் தகவல் வருமோ, அவர்களுக்கு ஏழு ஆண்டுகளாக எந்தத் தகவலும் வரவில்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். சாட்சியச் சட்டத்தின் 108-வது பிரிவில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை முதல் பாரதிய சாட்சிய அதினியத்தின் 111-வது பிரிவில் இருக்கிறது. இது ஓர் அனுமானம் மட்டுமே. நாளை அவர் வந்து நின்றால் அனுமானம் உடைந்துவிடும். தாலி பற்றிச் சட்டம் ஒரு வார்த்தையும் கேட்காது. மாமியாரிடம் இதை நிதானமாகச் சொல்லுங்கள்.

ஏழு ஆண்டு என்பது கடைசியாகத் தகவல் வந்த நாளிலிருந்து கணக்கு. உங்களுக்கு அது 2024 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. ஆனால் ஏழு வருஷம் ஆனதும் சான்றிதழ் தானாக வராது. தாசில்தாராலும் தர முடியாது. சிவில் கோர்ட்டில் விளம்புகைப் பரிகாரம் (அவர் இறந்ததாகக் கருத வேண்டும் என்று கோர்ட் அறிவிப்பது) கேட்டு வழக்குப் போட்டு, அந்தத் தீர்ப்பை வைத்துத்தான் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும். பிறகு வாரிசுச் சான்று, பட்டா மாறுதல் எல்லாம்.

வழக்கில் கலெக்டர், தாசில்தார், பிறப்பு இறப்புப் பதிவாளர், காவல் ஆய்வாளர் ஆகியோரைப் பிரதிவாதிகளாகச் சேர்க்க வேண்டியிருக்கும். அரசு மீது வழக்கு என்பதால், சிவில் நடைமுறைச் சட்டம் 80-வது பிரிவின்படி முதலில் நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். இதை விட்டுவிட்டு வழக்குப் போட்டால், அது அந்த ஒரு காரணத்துக்காகவே திரும்பிவிடும்.

இதில் மாமியாரை ஒதுக்காதீர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் இருப்பது போலவே, தாயான அவருக்கும் மகன் சொத்தில் சம பங்கு உண்டு. அதைவிட முக்கியம் அவருடைய சாட்சியம். மகன் உயிரோடு இருந்தால் முதலில் யாருக்குப் போன் செய்வான்? அம்மாவுக்குத்தான். கூண்டில் அவரிடம் கேட்கப்போவது "மகன் பேசினானா, பணம் அனுப்பினானா, பார்த்ததாக யாராவது சொன்னார்களா" என்றுதான். "இல்லை" என்றால் அந்த ஒரு வார்த்தை போதும். உயிரோடு இருக்கிறான் என்ற அவருடைய நம்பிக்கையை அவர் விட வேண்டியதில்லை.

எல்ஐசி விஷயத்தில் கவனம். இந்த அனுமானம் இறந்தார் என்பதற்குத்தானே தவிர, எந்தத் தேதியில் இறந்தார் என்பதற்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2004-ல் எல்ஐசி எதிர் அனுராதா வழக்கில் சொல்லிவிட்டது. "2017-லேயே இறந்திருப்பார், அதனால் பிரீமியம் கட்டவில்லை" என்ற வாதம் அங்கே நிற்காது. இதுவரை கட்டிவருகிறீர்கள் என்றால், சிரமப்பட்டாவது தீர்ப்பு வரும்வரை நிறுத்தாதீர்கள். ஏற்கெனவே காலாவதியாகி இருந்தால், கட்டிய தொகைக்கு என்ன கிடைக்கும் என்று கிளையில் எழுத்தில் கேளுங்கள். அதேபோல் பதிவாளர் எந்தத் தேதியைப் பதிய வேண்டும் என்பதையும் வழக்கிலேயே கேட்டுவிடுங்கள். தீர்ப்பில் தேதி இல்லாவிட்டால் மறுபடி அலைய நேரும்.

சரி, தேடல்? அதை விட வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். எஃப்ஐஆர் இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்று பாருங்கள். 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று போலீஸ் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் அறிக்கை கொடுத்திருந்தால் சான்றிட்ட நகல் வாங்குங்கள். உங்கள் சிவில் வழக்குக்கு அதுதான் முக்கிய ஆவணம். அதை முழுசாகப் படியுங்கள். கம்பெனியில் கூட வேலை பார்த்தவர்களை விசாரித்தார்களா? கடைசி நாட்களின் செல்போன் அழைப்பு விவரம் எடுத்தார்களா? அடையாளம் தெரியாத உடல்களின் படங்களோடு ஒப்பிட்டார்களா? தண்டவாளத்தில் கிடைக்கும் உடல்கள் ரயில்வே போலீஸ் பதிவேட்டில் இருக்கும், அங்கே கேட்டார்களா? இதில் எது விடுபட்டிருந்தாலும் அதைச் சுட்டிக்காட்டி மேல்விசாரணை கேட்டு மனுப் போடலாம். சிவில் வழக்கு நடப்பது அதற்குத் தடையில்லை.

ஆட்கொணர்வு மனுப் போடச் சொல்லியும் யாராவது யோசனை சொல்வார்கள். யாரோ சட்டவிரோதமாக அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று காட்ட ஏதாவது இருந்தால்தான் உயர் நீதிமன்றத்தில் அது நிற்கும். நீங்கள் எழுதியதில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பணத்தைச் செலவழிக்காதீர்கள்.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைப் பாருங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். போகும்போது எஃப்ஐஆர் நகல், பாலிசி பத்திரம், பட்டா, குடும்ப அட்டை, அவர் கடைசியாகப் பயன்படுத்திய போன் எண் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். முதல் நாளே 80-வது பிரிவு நோட்டீஸை அனுப்பச் சொல்லுங்கள். அந்த இரண்டு மாதம் ஓடும்போதே போலீஸ் அறிக்கையின் நகலையும் வாங்கிவிடலாம்.