இது எந்த மரத்துக் கொட்டை?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். சுங்கை சிப்புட்டில் ஓர் அச்சுக்கடையில் டிசைனராக இருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, திருவிழா பேனர், கடைப் பெயர்ப்பலகை எல்லாம் செய்வேன். கொஞ்ச நாளாக எதைச் செய்தாலும் எங்கேயோ பார்த்தது போலவே வருகிறது. தினமும் ராத்திரி இரண்டு மணி நேரம் பின்டரஸ்ட்டில் தேடுகிறேன். வில்லியம் மோரிஸின் பூவேலைகள் என்றால் எனக்கு உயிர். அவருக்கு இங்கிலாந்தில் தோட்டம் இருந்தது. எங்கள் ஊரைச் சுற்றி, பாமாயில் எடுக்கும் செம்பனையைத் தவிர என்ன இருக்கிறது? எந்த மியூசியத்துக்குப் போகலாம்? எந்தப் புத்தகம் வாங்கலாம்? ஏஐ பயன்படுத்தலாமா?

பெயர் போட வேண்டாம்.
உங்கள் வாசகத் தம்பி

*

அன்புள்ள தம்பி,

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், நீ என்றே எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்தபோது என் மேசையில் பால்மரக்கொட்டைகள், அதாவது ரப்பர் மரத்துக் கொட்டைகள், பரப்பிக் கிடந்தன. அம்மா இறந்து அவருடைய பெட்டியைப் பிரித்ததில் ஒரு மைலோ டின் கிடைத்தது. உள்ளே முழுக்க கொட்டை. சின்ன வயதில் நான் பொறுக்கியவை. நாற்பது வருஷமாக அம்மா அதை வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது. ஒரு வாரமாக அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீயும் சின்ன வயதில் தரையில் தேய்த்து அடுத்தவன் கையில் சூடு வைத்திருப்பாய். ஆனால் அதன் மேல் என்ன வரைந்திருக்கிறது என்று பார்த்திருக்கிறாயா? சாம்பலும் வெள்ளியும் கலந்த வழவழப்பான தோல். அதன்மேல் காப்பிக்கொட்டை நிறத்தில் தீற்றல்கள். ஒன்றில் தீற்றல் நீளமாக ஓடி நுனியில் பிரிகிறது. இன்னொன்றில் மழைத்துளி விழுந்த மண் மாதிரி புள்ளி புள்ளியாக நிற்கிறது. ஒன்றில் வயிற்றுப் பக்கம் நிறமே இல்லை, முதுகில் மட்டும் அடர்த்தி.

எங்கள் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் பழைய பால்மரக் காடு. எல்லாம் கொட்டை போட்டு முளைத்த மரங்கள். அம்மா பால் வெட்டும் நிரையில் நானூறு மரத்துக்கு மேல் இருக்கும். உச்சி வெயிலில் காய் 'டப்' என்று வெடித்து மூன்று கொட்டை மூன்று பக்கம் பறக்கும். நாங்கள் ஓடிப் பொறுக்கி வருவோம். அம்மா பால்வாளியை இறக்கி வைத்துவிட்டு, என் கையிலிருந்து ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "இது வாய்க்காலோரத்து மரம்" என்பார். அடுத்ததை எடுத்து, "இது பட்டை நோவு வந்த மரம்" என்பார். நான் நம்பவே மாட்டேன். ஒரு நாள் சோதித்தேன். ஐந்து மரத்தடியில் பொறுக்கி, எது எங்கே எடுத்தது என்று தாளில் எழுதி வைத்துக்கொண்டு கொடுத்தேன். ஐந்தையும் சரியாகச் சொன்னார்.

ரொம்பப் பிறகுதான் காரணம் தெரிந்தது. கொட்டையின் ஓடு தாய் மரத்தின் சதையிலிருந்து உண்டாகிறது. மகரந்தம் எங்கிருந்து வந்தாலும் ஓட்டில் வரையப்படுவது தாயின் சித்திரம்தான். ஆகவே ஒரு மரத்தின் கொட்டைகள் எல்லாம் ஒரே சாயல். தோட்டங்களில் இதை வைத்தே மரத்தின் இனத்தைக் கண்டுபிடிப்பார்கள்.

அப்புறம் அந்தக் காட்டை அழித்து ஒட்டுக்கன்று வைத்தார்கள். ஆர்.ஆர்.ஐ.எம். 600 மாதிரியான ஒட்டு இனம் ஒன்றை ஒரு காடு முழுக்க நட்டால், எல்லாம் ஒரு தாயின் மொட்டு. ஆயிரம் மரத்தடியில் குனிந்தாலும் ஒரே சித்திரம். பால் நிறையக் கிடைத்தது, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அம்மா அதற்கப்புறம் கொட்டையைக் கையில் வாங்கவே இல்லை.

நீ ராத்திரி இரண்டு மணி நேரம் பொறுக்குவது இந்த ஒட்டுக்காட்டில்தான், தம்பி. நீ ஒன்றைத் தொட்டதும் அதைப் போலவே நூறு வந்து விழுகிறது. ஜகார்த்தாவில் இருப்பவனும் சென்னையில் இருப்பவளும் அதே நூறைத்தான் பார்க்கிறார்கள். எங்கேயோ பார்த்தது போல வராமல் வேறென்ன வரும்? உன் கையில் குறையில்லை. நீ எடுக்கிற இடம் சரியில்லை. இதைப் படிக்கக் கஷ்டமாக இருக்கும், இருக்கட்டும்.

மோரிஸுக்குத் தோட்டம் இருந்தது என்கிறாய். 1883இல் அவர் செய்த அந்தப் புகழ்பெற்ற ஸ்ட்ராபெரி துணியில் இருப்பது என்ன? கெல்ம்ஸ்காட்டில் அவர் வீட்டுத் தோட்டத்தில் வலைக்கு அடியில் புகுந்து பழம் திருடிய குருவிகள். தன் வீட்டுக் கொல்லைத் திருடனை அவர் உட்கார்ந்து பார்த்தார். உன் அம்மா கருவாடு காயப்போட்டால் மைனா வருவதில்லையா? கிளந்தான், திரெங்கானு நெசவாளிகள் மங்குஸ்தான் பழத்தின் காம்பைப் பார்த்து சொங்கேட் ஜரிகைத் துணியில் பூ போட்டார்கள், மூங்கில் குருத்தைப் பார்த்து முக்கோணம் போட்டார்கள். எல்லாம் சமையற்கட்டுச் சாமான்கள்.

"செம்பனையைத் தவிர என்ன இருக்கிறது" என்ற வரிதான் எனக்குக் கோபம் உண்டாக்கியது. செம்பனையை நீ பார்த்ததே இல்லை. லோரியில் குலை போவதைப் பார்த்திருக்கிறாய், அவ்வளவுதான். மட்டை வெட்டிய அடித்தண்டுகளைப் பார். ஒரு பக்கமாக எட்டு வரிசை சுற்றி ஏறும், எதிர்ப்பக்கமாகப் பதின்மூன்று வரிசை. உரம் போதுமா என்று சோதிக்க 17ஆவது மட்டையில் இலை எடுப்பார்கள், கேட்டுப் பார். உச்சியில் புதிதாக விரிந்தது முதலாவது மட்டை, அதே சுற்றில் அதற்குக் கீழே ஒன்பதாவது, அதற்கும் கீழே பதினேழாவது. சில மரம் இடப்பக்கம் சுற்றும், சில வலப்பக்கம். உன் அம்மா வாசலில் போடும் சிக்குக்கோலத்துக்குப் பக்கத்தில் அதை வைத்து யோசி.

மியூசியம் கேட்டாய். கோலாலம்பூர் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் முழுக்க ஒதுக்கிப் போ. போனை பையில் போட்டுவிடு, பென்சில் எடுத்துக்கொள். புத்தகம் இப்போது வேண்டாம். ஏஐ பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அதற்கு முன்னால் கோலா கங்சாருக்குப் போய் வா, பக்கத்தில்தானே இருக்கிறது. 1877இல் நட்ட ஒன்பது பால்மரக் கன்றுகளில் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. அது ஒட்டு இல்லை, கொட்டையில் முளைத்தது. அடியில் ஒன்று கிடைத்தால் எடுத்து, இரண்டு பக்கமும் வரைந்து எனக்கு அனுப்பு. போட்டோ வேண்டாம். அம்மாவின் டின்னில் ஒன்று மட்டும் எதிலும் சேராமல் தனியாக இருக்கிறது, அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா