நாலு மெஷின், ஒரே பிரவுசர் சரிப்படுமா? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: சார், ஆஃபீஸ்ல விண்டோஸ் 11, வீட்டுல பழைய லேப்டாப்ல உபுண்டு போட்டிருக்கேன். என் ஃபோன் ஆண்ட்ராய்டு, மனைவிக்கு ஐஃபோன். ஒரு தடவை மிக்ஸி விலை பார்த்துட்டா போதும், எந்த சைட்டுக்குப் போனாலும் மிக்ஸி விளம்பரமா வருது. நாலுலயும் ஒரே பிரவுசரா போட்டுடலாம்னு இருக்கேன். ஃபயர்பாக்ஸா, பிரேவா?
– தேவகோட்டை வாசகர்

பதில்: நாலுலயும் ஒரே ஐகான் வச்சுக்கலாங்க, ஆனா உள்ள ஓடுறது ஒண்ணா இருக்காது. ஐஃபோன்ல நீங்க ஃபயர்பாக்ஸ் போட்டாலும் குரோம் போட்டாலும் பிரேவ் போட்டாலும் பக்கத்தைத் திறந்து காட்டுற இன்ஜின் ஆப்பிளோட வெப்கிட்தான், ஆப் ஸ்டோர்ல அப்படி ஒரு ரூல். ஐரோப்பிய யூனியன்ல சட்டம் போட்டு, 2024 மார்ச்ல ஐஓஎஸ் 17.4 வந்தப்போ வேற இன்ஜினுக்கும் வழிவிட வச்சாங்க, நம்ம ஊர் ஐஃபோனுக்கு அந்த வசதி வரல. அதனால உங்க வீட்டம்மா ஃபோன்ல சஃபாரியே இருக்கட்டும், அதுல ஒண்ணும் குறைச்சல் இல்ல, ஒரு சைட்டுல இருந்து இன்னொரு சைட்டுக்கு நம்மளைத் தொடர்ந்து வர்ற குக்கீயை (சைட்டுங்க நம்மளை அடையாளம் வைக்க பிரவுசர்ல போட்டு வைக்கிற சின்னக் குறிப்பு) எல்லாம் 2020 மார்ச்ல இருந்தே அது தானாவே தடுத்துடுது. கூட யூபிளாக் ஆரிஜின் லைட்ங்கிற விளம்பரத் தடுப்பானை மட்டும் ஆப் ஸ்டோர்ல இருந்து போட்டுக் குடுங்க, ஃப்ரீதான்.

உங்க ஆண்ட்ராய்டு ஃபோன்லதான் நீங்க நிஜமா மாத்த வேண்டியது இருக்கு. பெரும்பாலானவங்க கூட வந்த குரோமை அப்படியே யூஸ் பண்றாங்க, ஃபோன் குரோம்ல எக்ஸ்டென்ஷனே (பிரவுசரோட சேர்த்துக்கிற குட்டி புரோகிராம்) போட முடியாது. ஃபயர்பாக்ஸ்ல முடியும், மூணு புள்ளி மெனுவைத் தொட்டா எக்ஸ்டென்ஷன்ஸ்னு இருக்கும், அதுல யூபிளாக் ஆரிஜின் சேர்த்துடுங்க. அப்புறம் தினமும் படிக்கிற நியூஸ் சைட் ஏதாவது ஒண்ணைத் திறந்து, யூபிளாக்கைத் தொட்டுப் பாருங்க, அந்த ஒரு பக்கத்துக்குள்ள எத்தனை வெளி கம்பெனி எட்டிப் பார்க்க வந்துச்சுன்னு நம்பர் காட்டும். அதைப் பார்த்த பிறகு பழைய பிரவுசருக்குத் திரும்ப மனசே வராது. அது போக ஃபயர்பாக்ஸ்ல ஒவ்வொரு சைட்டோட குக்கீயையும் தனித்தனி டப்பாவுல போட்டு மூடி வைக்கிற மாதிரி ஒரு ஏற்பாடு இருக்கு, கம்ப்யூட்டர்ல 2022-ல இருந்தே எல்லாருக்கும் தானா ஆன் ஆகியிருக்கு, மிக்ஸி பார்த்த கதை பக்கத்து சைட்டுக்குப் போகாம இருக்குறதுக்கு இதுதான் பெரிய உதவி.

உபுண்டுல ஃபயர்பாக்ஸ் ஏற்கனவே இருக்கும். 22.04 வெர்ஷன்ல இருந்து அதை ஸ்னாப்ங்கிற பேக்கேஜா குடுக்குறாங்க, பழைய லேப்டாப்ல முதல் தடவை திறக்க லேட் ஆகும், எரிச்சலா இருந்தா ஃபயர்பாக்ஸைத் தயாரிக்கிற மொஸில்லாவே தர்ற டெப்ங்கிற இன்னொரு வகை பேக்கேஜைப் போட்டுக்கங்க.

ஆஃபீஸ் லேப்டாப்புக்கு என்கிட்ட பிரவுசர் சிபாரிசு கிடையாது. அது கம்பெனி மெஷின், ஐடி டிபார்ட்மென்ட் நெனைச்சா நீங்க என்ன பார்க்குறீங்கன்னு பார்க்க முடியும், எந்த பிரவுசரும் அதை மறைக்காது. பேங்க், டாக்டர் ரிப்போர்ட், குடும்ப விஷயம் எதையும் தயவுசெஞ்சு அதுல திறக்காதீங்க.

பிரேவ் மோசம்னு சொல்லல. குரோமியம் (குரோமுக்கு அடிப்படையான கூகுளோட புரோகிராம்) மேல கட்டினது, விளம்பரத் தடுப்பு உள்ளேயே இருக்கு, எதையும் தனியா போடத் தெரியாத அம்மா அப்பாவுக்கு அதையே போட்டுக் குடுக்கலாம். ஆனா 2020-ல கிரிப்டோ சைட் அட்ரஸ் டைப் பண்ணினா பின்னாடி அவங்களோட ரெஃபரல் கோடை (ஆள் அனுப்பினதுக்குக் கமிஷன் வாங்குற கோடு) தானா ஒட்டிவிட்டு மாட்டி மன்னிப்பு கேட்டாங்க. ஃபயர்பாக்ஸும் சுத்தத் தங்கம் இல்ல, 2024-ல 128-ஆவது வெர்ஷன்ல விளம்பரத்தை அளக்குற ஒரு வசதியை நம்மகிட்ட கேக்காமலேயே ஆன் பண்ணி அனுப்பினாங்க, மொஸில்லாவோட வருமானத்துல பெரும்பங்கு கூகுள் தர்ற காசுதான். இதெல்லாம் தெரிஞ்சும் நான் ஃபயர்பாக்ஸ்தான் சொல்றேன், ஏன்னா குரோம்ல யூபிளாக் ஆரிஜினோட முழு வெர்ஷன் ஓடாதபடி கூகுள் எக்ஸ்டென்ஷன் விதியையே மாத்திடுச்சு, ஃபயர்பாக்ஸ்ல அது ஓடுது. விளம்பரக் கம்பெனி கையில இல்லாத ஒரு இன்ஜின் உயிரோட இருக்கணும்னு எனக்கு ரொம்ப அக்கறை உண்டு.

கேள்வி: உடம்பு விஷயம் தேடுறப்போ இன்காக்னிட்டோலதான் தேடுறேன். இருந்தும் அதே நோய்க்கு விளம்பரம் வருது. எப்படி சார்?
– ராஜபாளையம் வாசகி

பதில்: இன்காக்னிட்டோ உங்க ஃபோன்ல ஹிஸ்டரி தங்காம பார்த்துக்கும், அவ்ளோதாம்மா. வீட்ல யாராவது ஃபோனை எடுத்துப் பார்த்தா தெரியாது, ஆனா நீங்க போற சைட்டுக்கும் நெட் குடுக்குற கம்பெனிக்கும் தெரியத்தான் செய்யும். உள்ள போய் ஜிமெயிலோ ஃபேஸ்புக்கோ லாகின் பண்ணிட்டா ஆளே யாருன்னு தெரிஞ்சுடும். இதுக்காக அமெரிக்காவுல 2020-ல கூகுள் மேல கேஸே போட்டாங்க, கடைசியில அப்படி சேர்த்த ரெக்கார்டுகளை அழிக்கிறோம்னு 2024-ல கூகுள் ஒத்துக்கிச்சு. உடம்பு விஷயத்துக்குன்னே தனியா ஒரு பிரவுசர் வச்சுக்கங்க, அதுல எதுலயும் லாகின் பண்ணாதீங்க, தேடுறதுக்கு கூகுளுக்குப் பதிலா டக்டக்கோங்கிற தேடுபொறியை வச்சுக்கங்க. ரொம்பவே அந்தரங்கமான விஷயம்னா, யார் பார்க்குறாங்கன்னு சைட்டுக்குத் தெரியாம மறைக்கிற டோர் பிரவுசர் இருக்கு, ஆண்ட்ராய்டுலயும் உண்டு, மெதுவாத்தான் ஓடும், பொறுத்துக்கங்க.

கேள்வி: ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். விண்டோஸ் 7 சிஸ்டம். எந்த பிரவுசர் போடலாம்?
– மன்னார்குடி வாசகர்

பதில்: குரோம் விண்டோஸ் 7-க்கு 109-ஆவது வெர்ஷனோட நின்னுபோச்சு. ஃபயர்பாக்ஸ் 115 இஎஸ்ஆர்தான் (ரொம்ப நாள் சப்போர்ட் தர்ற வெர்ஷன்) மொஸில்லா அதுக்குக் குடுத்த கடைசி வரிசை. ஆனா விண்டோஸ் 7-க்கே மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியோட சப்போர்ட்டை நிறுத்திடுச்சுங்க, பிரவுசர் மட்டும் புதுசா இருந்து என்ன பண்றது? ஹார்டுவேர் தாங்கும்னா விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் போடுங்க, உங்க பிரின்டர் ஓடுதான்னு முதல்ல பென்டிரைவ்ல பூட் பண்ணிப் பார்த்துட்டு மாத்துங்க.

அதைவிட எனக்குக் கவலை உங்க கஸ்டமருங்க. ஆதார் பிரின்ட் எடுக்க வர்றவர் மெயிலைத் திறக்குறார், வாட்ஸ்அப் வெப் போடுறார், பிரின்ட் வந்ததும் காசைக் குடுத்துட்டுக் கிளம்பிடுறார். அவர் மெயில் திறந்தபடியே கிடக்கு, ஆதார் பிடிஎஃப் டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல இருக்கு, அடுத்து வர்றவர் கண்ணுல ஊர்ல உள்ளவங்க பான் கார்டு, பாஸ்புக், ஜாதி சான்றிதழ் எல்லாம் வரிசையாப் படுது. ஃபயர்பாக்ஸ் செட்டிங்ஸ்ல மூடும்போது குக்கீயை அழிக்கச் சொல்லி டிக் பண்ணிட்டு, ஒவ்வொருத்தர் போனதும் பிரவுசரை மூடித் திறங்க. பாஸ்வேர்டு சேமிக்கட்டுமான்னு கேக்குறதையும் ஆஃப் பண்ணிடுங்க. டவுன்லோட்ஸ் ஃபோல்டரை மட்டும் பிரவுசர் காலி பண்ணாது, நீங்கதான் அழிக்கணும், ரீசைக்கிள் பின்னையும் சேர்த்து.

கேள்வி: நம்ம ஸோஹோவோட உலா பிரவுசர் எப்படி?
– தென்காசி வாசகர்

பதில்: 2023-ல வந்தது, விண்டோஸ், மேக், லினக்ஸ், ஃபோன் எல்லாத்துக்கும் இருக்கு. 2025 மார்ச்ல மத்திய அரசு நடத்தின இந்திய பிரவுசர் போட்டியில 1 கோடி ரூபாய் முதல் பரிசு ஸோஹோவுக்குத்தான் போச்சு. டிராக்கர் தடுப்பு உள்ளேயே இருக்கு, ஆஃபீஸ் வேலைக்குத் தனி மோட், குழந்தைங்களுக்குத் தனி மோட்னு பிரிச்சு வச்சிருக்குறது நல்ல யோசனை. இதுவும் குரோமியம் மேல கட்டினதுதான், இன்ஜின் விஷயத்துல கூகுளை அண்டித்தான் இருக்கணும். குரோமை விட்டு வெளிய வரணும், ஆனா ஃபயர்பாக்ஸ் பழக்கமில்லைன்னா தாராளமா போடுங்க, அப்டேட் வந்தா மட்டும் தள்ளிப்போடாதீங்க.