ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணச் சொன்னா உஷார்: வாசகர் கேள்வி பதில்

வைரஸ், மால்வேர் (கெடுதல் பண்ற ப்ரோக்ராம்) பத்தி நிறைய கேள்வி சேர்ந்துபோச்சு, அதனால இந்தத் தடவை அதை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: சார், புது லேப்டாப் வாங்கியிருக்கேன். விண்டோஸ் கூடவே வர்ற டிஃபெண்டர் போதுமா, இல்ல காசு குடுத்து ஆன்டிவைரஸ் வாங்கணுமா? ரெண்டையும் சேர்த்துப் போட்டா இன்னும் நல்லதா?

பதில்: வீட்டு உபயோகம், படிப்பு, சாதாரண ஆபீஸ் வேலைன்னா டிஃபெண்டரே தாராளமா போதும். ஒரு காலத்துல அது பேருக்குத்தான் இருந்துச்சு, இப்ப நிலைமை மாறிடுச்சு, ஜெர்மனியில ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவுல ஏவி-கம்பேரட்டிவ்ஸ்னு ஆன்டிவைரஸ்களை சோதிச்சுப் பாக்கறதையே வேலையா வச்சிருக்கற இடங்கள் இருக்கு, அங்கெல்லாம் காசு குடுத்து வாங்கறதுக்கு ஈடா மார்க் வாங்குது. ரெண்டு ஆன்டிவைரஸ் ஒரே நேரத்துல வேண்டவே வேண்டாம். ஒரே ஃபைலை ரெண்டும் மாத்தி மாத்தி செக் பண்ணி மெஷினைத்தான் ஸ்லோ ஆக்கும். வேற ஒண்ணை இன்ஸ்டால் பண்ணா டிஃபெண்டர் தானாவே ஒதுங்கிக்கும், அப்புறம் அந்த இன்னொண்ணோட சந்தா முடிஞ்சு அப்டேட் இல்லாம கிடக்கறதை யாரும் கவனிக்கறதில்ல, இதுதான் எனக்குக் கவலை.

விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து ரியல்-டைம் ப்ரொடெக்‌ஷன், டேம்பர் ப்ரொடெக்‌ஷன் ரெண்டும் ஆன்ல இருக்கான்னு பாருங்க. இந்த டேம்பர் ப்ரொடெக்‌ஷன் முக்கியம், வெளியிலேர்ந்து வர்ற ப்ரோக்ராம் சத்தமில்லாம டிஃபெண்டரை அணைக்கறதை இதுதான் தடுக்குது. அதனாலதான் இப்பெல்லாம் திருட்டு ப்ரோக்ராம் எழுதறவங்க உங்க கையாலேயே அணைக்க வைக்கப் பாக்கறாங்க, கீழ வர்ற கேள்விகள்ல இது திரும்பத் திரும்ப வரும்.

ஆன்டிவைரஸ் முழிச்சிருக்கான்னு சோதிக்க ஐகார்னு ஒரு டெஸ்ட் ஃபைல் இருக்கு. வெறும் 68 எழுத்து, எந்தக் கெடுதலும் பண்ணாது, ஆனா எல்லா ஆன்டிவைரஸும் அதைப் பாத்ததும் கத்தணும்னு ஏற்பாடு. ஐகார் சைட்லேர்ந்து இறக்கிப் பாருங்க, கத்தலைன்னா செட்டிங்ஸ்ல ஏதோ கோளாறுன்னு அர்த்தம்.

கேள்வி: ஒரு படம் பாக்கற சைட்டுக்குப் போனேன். நீங்க ரோபோ இல்லன்னு நிரூபிங்கன்னு வந்துச்சு, விண்டோஸ் கீயும் ஆர்-உம் சேர்த்து அமுக்கி, கன்ட்ரோல் வி அடிச்சு, என்டர் தட்டுங்கன்னு சொல்லுச்சு. தட்டிட்டேன். ஒரு கறுப்பு பாக்ஸ் வந்து மறைஞ்சிருச்சு. ஏதாவது ஆயிருக்குமா அண்ணா?

பதில்: ஆயிருக்கும்னே வச்சுக்கோங்க தம்பி. இதுக்கு கிளிக்ஃபிக்ஸ்னு பேரு, 2024-லேர்ந்து ரொம்பப் பரவிட்டு இருக்கு, இந்தத் தடவை வந்ததுலயே அவசரமான கேள்வி உங்களோடதுதான்.

நடந்தது என்னன்னா, அந்தப் பக்கத்துல நீங்க கிளிக் பண்ண உடனே அது ஒரு கமாண்டை உங்க கிளிப்போர்டுல காப்பி பண்ணி வச்சிருச்சு. நீங்க எதையும் காப்பி பண்ணல, ஆனா பேஸ்ட் பண்ணா ஏதோ வருது. விண்டோஸ் கீ ஆர் அடிச்சா திறக்கறது ரன் பாக்ஸ், கம்ப்யூட்டர்கிட்ட நேரடியா உத்தரவு போடற இடம். அந்த பாக்ஸ் ரொம்பச் சின்னது, நீளமான கமாண்டை (உத்தரவை) ஒட்டினா வால் பகுதிதான் கண்ணுக்குத் தெரியும், அதனால வால்ல மட்டும் நான் ரோபோ இல்ல, வெரிஃபிகேஷன் நம்பர் இதுன்னு சாதுவா எழுதி வச்சிருப்பாங்க. முன்னாடி மறைஞ்சிருக்கறது விண்டோஸ்லயே இருக்கற, உத்தரவை ஓட்டற பவர்ஷெல்லைக் கூப்பிட்டு எங்கேயோ இருக்கற ஒரு ப்ரோக்ராமை இறக்கி ஓட்டற உத்தரவு. இனிமே எந்த சைட்டாவது எங்கேயாவது பேஸ்ட் பண்ணச் சொன்னா நோட்பேடைத் திறந்து அதுல ஒட்டிப் பாருங்க, அங்க வெறும் எழுத்தாதான் நிக்கும், ஓடாது. மொத்தமும் வரிவரியா கண்ணு முன்னாடி தெரியும்.

ஆன்டிவைரஸ் ஏன் சும்மா இருந்துச்சுன்னு அடுத்து கேப்பீங்க. ப்ரவுசர் வழியா இறங்கற ஃபைலுக்கு இது நெட்லேர்ந்து வந்ததுன்னு ஒரு முத்திரை விழும், அதை வச்சுத்தான் விண்டோஸோட ஸ்மார்ட்ஸ்கிரீன்ங்கற காவல் உங்களை நிறுத்தி எச்சரிக்கும். இங்க ப்ரவுசர்ல எதுவுமே இறங்கல, கம்ப்யூட்டர் ஓனரே விண்டோஸோட சொந்த டூலை வச்சு ஓட்டின மாதிரி இருக்கு. சில சமயம் பிடிச்சுரும், சில சமயம் கோட்டை விட்டுரும். நீங்க ரோபோவான்னு சோதிக்கற எந்த உண்மையான கேப்ச்சாவும் ப்ரவுசரை விட்டு வெளிய வந்து ஒரு கீயைக்கூட அமுக்கச் சொல்லாது. ஆப்பிள் மேக்ல இதே ஆட்டம், உத்தரவு போடற டெர்மினல்ல ஒட்டச் சொல்லி நடக்குது.

இப்ப உடனே நெட் கனெக்‌ஷனை எடுத்துருங்க. வேற ஒரு போன்லயோ கம்ப்யூட்டர்லயோ உக்காந்து முதல்ல ஈமெயில் பாஸ்வேர்டு, அப்புறம் பேங்க், அப்புறம் மத்ததுன்னு மாத்துங்க. ஒவ்வொண்ணுலயும் எல்லா டிவைஸ்லேர்ந்தும் லாக் அவுட் பண்ற ஆப்ஷன் இருக்கும், அதை விட்டுறாதீங்க. அந்த மெஷின்லயே உக்காந்து மாத்தாதீங்க, புது பாஸ்வேர்டும் அவங்களுக்கே போயிரும். இதெல்லாம் முடிச்சப்புறம் டிஃபெண்டர்ல ஆஃப்லைன் ஸ்கேன் போடுங்க, அது ரீஸ்டார்ட் ஆகி விண்டோஸ் முழுசா எழுந்திருக்கறதுக்கு முன்னாடியே தேடும். அது சுத்தம்னு சொன்னாலும், என்னைக் கேட்டா முக்கியமான ஃபைல்களை எடுத்து வச்சுட்டு விண்டோஸை புதுசா போட்டுருங்கன்னுதான் சொல்லுவேன், நிம்மதியா தூங்கலாம்.

கேள்வி: வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர் கிராக் வெர்ஷன் (லைசென்ஸை உடைச்ச திருட்டு காப்பி) போட்டேன். இன்ஸ்டால் பண்றப்ப ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணச் சொல்லியிருந்தாங்க, பண்ணேன். ரெண்டு நாள்ல என் இன்ஸ்டாகிராம் வேற யாரோ கைக்குப் போயிருச்சு. எனக்கு ஓடிபி எதுவும் வரவே இல்ல, எப்படி சார் உள்ள போனாங்க?

பதில்: ஓடிபி தேவையே படல, அதனால வரல. நீங்க ஒரு தடவை பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாம் குடுத்து லாகின் ஆனதும் அந்த சைட் உங்க ப்ரவுசர்கிட்ட குக்கின்னு ஒரு அனுமதிச் சீட்டு குடுத்து வைக்கும், அடுத்த தடவை அந்தச் சீட்டைக் காட்டினாலே போதும், மறுபடி எதுவும் கேக்காது. கிராக் கூட வந்த ப்ரோக்ராம் அந்தச் சீட்டைத்தான் திருடிட்டுப் போயிருக்கணும், கூடவே ப்ரவுசர்ல சேவ் பண்ணி வச்சிருந்த பாஸ்வேர்டுகளையும். இன்ஃபோஸ்டீலர்னு சொல்லுவாங்க, ரெட்லைன், லுமா இதெல்லாம் இந்த ரகம். வேலை முடிஞ்சதும் தன்னையே அழிச்சுக்கிட்டுப் போற ரகமும் இருக்கு, அதனால இப்ப ஸ்கேன் பண்ணி எதுவும் சிக்கலைன்னா ஒண்ணும் நடக்கலைன்னு நினைச்சுறாதீங்க.

அந்த ஃபைலை நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க. ஜிப் ஃபைலா இருந்திருக்கும், திறக்க பாஸ்வேர்டு கேட்டிருக்கும், அந்த பாஸ்வேர்டை ஃபைல் பேர்லயோ பக்கத்துல ஒரு டெக்ஸ்ட் ஃபைல்லயோ அவங்களே எழுதியிருப்பாங்க. எல்லாருக்கும் தெரியற பாஸ்வேர்டு எதுக்கு? பூட்டின ஜிப்புக்குள்ள ஆன்டிவைரஸால எட்டிப் பாக்க முடியாது, அதுக்குத்தான். அப்புறம் திறந்த உடனே மாட்டிக்கும்ல, அதனால அடுத்த வரி ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுங்க, இது ஃபால்ஸ் அலாரம்தான், பயப்படாதீங்கன்னு. காவல்ல இருக்கற ஒண்ணை எதாவது ஒண்ணு உங்களையே விலக்கச் சொல்லுதுன்னா அதோட நோக்கம் அதுலயே தெரிஞ்சு போச்சு.

முந்தின பதில்ல சொன்ன அத்தனையும் நீங்களும் செய்யணும். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வோட இலவச வெர்ஷனே பெரிய பெரிய வேலைக்கு ஆகும், போட்டோவுக்கு ஜிம்ப், படம் வரைய கிரிட்டா, ஆபீஸ் வேலைக்கு லிப்ரே ஆபீஸ் இருக்கு. கையில காசு இல்லாத மாணவரைத் திட்டறதுக்காக சொல்லல, நிஜமாவே இன்னிக்கு கிராக் தேவைப்படற இடம் ரொம்பக் கம்மி. இறக்கறப்ப மட்டும் தேடல் முடிவுகள்ல மேல விளம்பரம்னு போட்டு வர்றதைத் தவிர்த்துருங்க, அசல் மாதிரியே சைட் பண்ணி விளம்பரத்துக்குக் காசு கட்டறவங்க இருக்காங்க.

கேள்வி: ஸ்க்ரீன் ஓரத்துல அஞ்சு வைரஸ் இருக்குன்னு நாள் முழுக்க மெசேஜ் வருது. ஸ்கேன் பண்ணா ஒண்ணும் இல்லங்குது. எனக்கு வயசாச்சு, பயமா இருக்குங்க.

பதில்: பயப்படாதீங்கம்மா, அது வைரஸே இல்ல. என்னிக்கோ ஒரு சைட் அலோ பட்டனை அமுக்கச் சொல்லியிருக்கும், நீங்க அமுக்கியிருப்பீங்க, அதை வச்சு அந்த சைட் நோட்டிஃபிகேஷன் அனுப்பிட்டு இருக்கு. ப்ரவுசர் செட்டிங்ஸ்ல நோட்டிஃபிகேஷன்ஸ்னு தேடி, தெரியாத சைட் பேரை எல்லாம் நீக்கிருங்க, நின்னுரும். அந்த மெசேஜை மட்டும் கிளிக் பண்ணாதீங்க, அதுல போன் நம்பர் இருந்தா கூப்பிடாதீங்க. ஸ்க்ரீன் முழுக்க அடைச்சுக்கிட்டு சைரன் சத்தம் போட்டா எஸ்கேப் கீயை விடாம அமுக்கிப் பிடிங்க, அப்பவும் போகலைன்னா கன்ட்ரோல் ஷிஃப்ட் எஸ்கேப் அடிச்சு டாஸ்க் மேனேஜர்ல ப்ரவுசரை மூடிருங்க.

கேள்வி: அப்டேட், அப்டேட்னு உயிரை வாங்குது. தள்ளிப்போட்டா என்ன குடி முழுகிரும்?

பதில்: 2017-ல நடந்ததைச் சொல்றேன். விண்டோஸ்ல நெட்வொர்க்ல ஃபைல் பகிர்ற எஸ்எம்பிங்கற பகுதியில ஒரு ஓட்டை இருந்துச்சு, மைக்ரோசாஃப்ட் மார்ச் மாசமே அதை அடைச்சு அப்டேட் விட்டுட்டாங்க. மே 12-ஆம் தேதி வான்னாக்ரைங்கற ரான்சம்வேர் (ஃபைலைப் பூட்டி வச்சுப் பணம் கேக்கற ப்ரோக்ராம்) அதே ஓட்டை வழியா கிளம்பி கிட்டத்தட்ட 150 நாடுகள்ல பரவிச்சு, பிரிட்டன்ல அரசு ஆஸ்பத்திரிகள்ல அப்பாயின்ட்மென்ட் எல்லாம் கேன்சல் ஆச்சு. யாரும் எதையும் கிளிக் பண்ணக்கூட வேண்டியிருக்கல, ஒரு மெஷின்லேர்ந்து அடுத்த மெஷினுக்கு அதுவாவே தாவிச்சு. ரெண்டு மாசம் முன்னாடி வந்த அப்டேட்டைப் போட்டிருந்த மெஷின்ல அந்த வழி அடைஞ்சிருந்துச்சு. மத்த எல்லாத்துலயும் நம்ம ஜாக்கிரதை உதவும், இந்த மாதிரி ஓட்டைக்கு அப்டேட் மட்டும்தான் மருந்து. ப்ரவுசருக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

விண்டோஸ் 10 வச்சிருக்கறவங்க கவனிங்க, 2025 அக்டோபர் 14-ஓட அதோட வழக்கமான சப்போர்ட் முடிஞ்சிருச்சு. மெஷின் விண்டோஸ் 11-க்குத் தாங்கலைன்னா விண்டோஸுக்குப் பதிலா ஓடற இலவச லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்க, நெட் பாக்க, டைப் பண்ண அருமையா ஓடும்.

கேள்வி: பென்டிரைவ்ல இருந்த ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறிருச்சு. ஃபைல் எல்லாம் போச்சா?

பதில்: பெரும்பாலும் போகல. டிரைவ்ல எவ்வளவு இடம் நிரம்பியிருக்குன்னு பாருங்க, முன்ன இருந்த அளவே காட்டுச்சுன்னா எல்லாம் உள்ளதான் ஒளிஞ்சிருக்கு. ஷார்ட்கட்டைத் தொடாதீங்க, அதைக் கிளிக் பண்றப்பதான் வைரஸ் ஓடும், விண்டோஸ் 7-லேர்ந்து பென்டிரைவ் சொருகின உடனே தானா எதுவும் ஓடாது. முதல்ல டிரைவை ஸ்கேன் பண்ணுங்க, அப்புறம் எக்ஸ்ப்ளோரர்ல வியூ போய் ஹிடன் ஐட்டம்ஸ் காட்டச் சொல்லுங்க. அப்பவும் தெரியலைன்னா ஃபோல்டர் ஆப்ஷன்ஸ்ல சிஸ்டம் ஃபைல்களை மறைக்கற டிக்கையும் எடுங்க. அசல் ஃபோல்டர் வெளிய வரும், காப்பி பண்ணிட்டு டிரைவை ஃபார்மேட் அடிச்சுருங்க.

அதே வியூ மெனுல ஃபைல் எந்த ரகம்னு சொல்ற கடைசி எழுத்துகளைக் காட்டற ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்ங்கறதையும் ஆன் பண்ணி வைங்க. 2000-ஆவது வருஷம் ஐ லவ் யூ வைரஸ் உலகம் பூரா பரவினப்ப அந்த ஃபைல் பேரு டெக்ஸ்ட் ஃபைல் மாதிரி முடிஞ்சுது, அது ஓடற ப்ரோக்ராம்னு காட்டற உண்மையான கடைசி எழுத்தான விபிஎஸ் நிறைய பேருக்குக் கண்ணுல படவே இல்ல, விண்டோஸ் மறைச்சிருந்துச்சு. இன்னிக்கும் பில்லுன்னு சொல்லி பிடிஎஃப் ஐகான் ஒட்டின இஎக்ஸ்இ ஃபைல், அதாவது ப்ரோக்ராம், மெயில்ல வருது.

கேள்வி: என் கம்ப்யூட்டர்ல எல்லா போட்டோவும் லாக் ஆயிருச்சு, பேருக்குப் பின்னாடி ஏதோ புது எழுத்து சேர்ந்திருக்கு. பணம் கேட்டு ஒரு நோட்டு. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்ல பேக்கப் இருந்துச்சு, அதுவும் லாக். பணம் கட்டிரலாமா?

பதில்: படிக்கறப்பவே கஷ்டமா இருந்துச்சு. கட்டாதீங்க, கட்டினாலும் சாவி வரும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. ஹார்ட் டிஸ்க் எப்பவும் சொருகியே இருந்திருக்கும், அப்ப ரான்சம்வேருக்கு அது இன்னொரு ஃபோல்டர் மாதிரிதான். பேக்கப் எடுத்த உடனே கழட்டி வைக்கணும், இதைப் படிக்கற மத்தவங்களாவது இன்னிக்கே கழட்டுங்க. மூணு காப்பி, ரெண்டு வேற வேற வகைச் சேமிப்புல, அதுல ஒண்ணு வீட்டுக்கு வெளியன்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க. ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் மாதிரி பழைய வெர்ஷனையும் வச்சிருக்கற கிளவுட் இருந்தா அந்த வெளி காப்பிக்கு நல்லது. உங்க போட்டோ ஏதாவது அதுல ஏறியிருந்துச்சான்னு வேற டிவைஸ்லேர்ந்து பாருங்க, வெர்ஷன் ஹிஸ்டரியில லாக் ஆகறதுக்கு முந்தினது கிடைக்கலாம்.

இப்ப மெஷினை நெட்லேர்ந்து பிரிச்சுட்டு, வேற கம்ப்யூட்டர்ல நோ மோர் ரான்சம்ங்கற சைட்டுக்குப் போங்க. நெதர்லாந்து போலீஸும் ஐரோப்பிய போலீஸ் அமைப்பான யூரோபோலும் ரெண்டு செக்யூரிட்டி கம்பெனிகளும் சேர்ந்து 2016-ல ஆரம்பிச்சது, இலவசம். லாக் ஆன ஃபைல் ஒண்ணு ரெண்டையும் அந்தப் பண நோட்டையும் ஏத்தினா எந்த ரகம்னு பாத்து, சாவி இருந்தா குடுக்கும். அந்தரங்கம் இல்லாத ஃபைலா பாத்து ஏத்துங்க. இன்னிக்கு சாவி இல்லன்னு வந்தா லாக் ஆன ஃபைல்களை அழிச்சுறாதீங்க, நோட்டோட சேர்த்து தனி டிஸ்க்ல எடுத்து வச்சுட்டு அப்புறம் விண்டோஸைப் புதுசா போடுங்க. அந்தக் கும்பலைப் போலீஸ் பிடிச்சோ, அவங்களே கடையை மூடறப்ப வெளிய விட்டோ சாவி பின்னாடி வந்த சம்பவம் நிறைய இருக்கு, அதனால சில மாசத்துக்கு ஒருதரம் அந்த சைட்ல திரும்பப் போய்ப் பாருங்க.