கட்டுரை அழகாக எழுதும் மகளுக்குக் கணக்கும் அறிவியலும் ஏன் வருவதில்லை?

பெருந்துறையில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். "பாப்பாவுக்குக் கணக்கு வராதுங்க" என்று அவள் காதுபட யாரும் சொல்ல விடாதீர்கள். அதை முதலில் நம்புவது அவள்தான்.

எழுத்துக்குப் பல வாசல்கள் உண்டு. ஆறாம் வகுப்பில் இலக்கணம் கொஞ்சம் விட்டுப்போனாலும், கதைப் புத்தகங்கள் வாசித்தே ஒன்பதாம் வகுப்பில் நன்றாக எழுதிவிடலாம். கணக்கு அப்படியில்லை. பின்னம் புரியாதவளுக்கு இயற்கணிதமும் புரியாது, இயற்பியல் வாய்ப்பாடும் நகராது. இன்றே 3/4, 2/5 இரண்டையும் கூட்டச் சொல்லிப் பாருங்கள். விடை 23/20. அவள் 5/9 என்று எழுதினால், மேலும் கீழும் தனித்தனியாகக் கூட்டியிருக்கிறாள். சிக்கல் ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் இல்லை, பின்னத்தில்தான். அங்கிருந்து தொடங்குங்கள். எண்களின் அளவை உணர்வதே கடினமாக இருக்கும் டிஸ்கால்குலியா என்ற கற்றல் குறைபாடும் உண்டு. சிறு வயதிலிருந்தே திணறல் என்றால் நிபுணரிடம் காட்டுங்கள்.

அவளுடைய எழுத்தையே பயன்படுத்துங்கள். ஒவ்வொரு கணக்கிலும் ஏன் இந்தப் படி என்று சொந்த வாக்கியத்தில் எழுதட்டும். அறிவியலில் 'காரணம் கூறுக' வினாக்கள் அவளுக்குச் சாதகம்.

நம் பக்கம், ஈரோடு நாமக்கல் வட்டாரத்தில், பத்தாவது முடிவதற்குள்ளேயே கட்-ஆஃப், அதாவது கல்லூரிச் சேர்க்கைக்குக் கணக்கிடும் மதிப்பெண், பற்றிய பேச்சு வந்துவிடும். பொறியியல் கட்-ஆஃப் 200-இல் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50. மொழிப்பாடங்களுக்கு இடமே இல்லை. அந்த அளவுகோலால் இவளை அளப்பது அநியாயம். சட்டம், இதழியல், வரலாறு படிக்க விரும்பினால் ப்ளஸ் ஒன்னில் கலைப்பிரிவைத் தயங்காமல் எடுக்கட்டும்.