கடவுச்சொற்கள் இரட்டிப்பானால் ஒவ்வொன்றாக அழிக்க வேண்டாம்

வணக்கம். டர்பனின் சாட்ஸ்வர்த்தில் ஏற்றிக்கொண்டிருந்தபோது பாதியில் கரண்ட் போனதால், குரோம் பிரவுசரிலிருந்து எடுத்த கடவுச்சொற்களின் சிஎஸ்வி கோப்பை (வெறும் எழுத்தாலான பட்டியல்), கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் பிட்வார்டன் செயலியில் மறுபடி ஏற்றினீர்கள். இப்போது எல்லாம் இரண்டிரண்டாக நிற்கிறது என்கிறீர்கள். ஏற்கெனவே இருக்கிறதா என்று பிட்வார்டன் பார்ப்பதில்லை, கொடுத்ததை அப்படியே சேர்த்துவிடும்.

ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு உட்காராதீர்கள். மெரேபேங்கில் என் அக்கா அப்படித்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தார், பிரியாணிகூட ஆறிப்போனது. பிரவுசரில் பிட்வார்டன் தளத்துக்குள் போனால், அமைப்புகளில் 'என் கணக்கு' பக்கத்தின் அடியில் பெட்டகத்தை, அதாவது அதில் சேமித்த எல்லாவற்றையும், மொத்தமாகக் காலி செய்யும் பொத்தான் உண்டு. அழுத்தினால் எதுவும் திரும்பி வராது. அதனால் முதலில் குரோமில் பழையவை இருக்கின்றனவா என்று பாருங்கள். பிட்வார்டனில் புதிதாகச் சேர்த்தவற்றைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பெட்டகத்தைக் காலி செய்துவிட்டு, கோப்பை ஒரே முறை ஏற்றுங்கள்.

சரி, அந்தக் கோப்பு? யார் திறந்தாலும் படிக்கலாம். வேலை முடிந்ததும் குப்பைத்தொட்டியிலிருந்தும் அழித்துவிடுங்கள்.