18 வருடம் நின்ற எம்.ஜி.பி.: எஞ்சினைப் பார்க்குமுன் பொடித் தகட்டைப் பாருங்கள்

கேள்வி: அப்பாவின் 1969 எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் கார் 18 வருடமாகக் கொழும்பில் கடலோர வெள்ளவத்தை வீட்டு கராஜில் தறப்பாளின் கீழ் நிற்கிறது. எஞ்சின் சுற்றவில்லை. புதுப் பற்றரி போட்டு, வேறு வாகனத்தில் கட்டி இழுத்தால் ஸ்டார்ட் ஆகுமா? வீட்டிலேயே திருத்தி எடுக்கலாமா?

பதில்: இழுக்க வேண்டாம். சிலிண்டர் சுவரோடு கறளால் ஒட்டிப்போன பிஸ்டன் ரிங் இழுத்த வேகத்தில் உடையும், சுவரையும் கீறும். வீட்டில் திருத்துவது முடியும், வெல்டிங் ஒன்றைத் தவிர. ஆனால் வேலையை எஞ்சினில் தொடங்காதீர்கள். 1798 சிசி எஞ்சின் வார்ப்பிரும்பால் ஆன எளிய சாமான். மோசமாக இருந்தாலும் சிலிண்டரைக் கடைந்து (போர் அடித்து) மீட்டுவிடலாம். கார் பிழைக்குமா என்பதைப் பொடியின் தகடுதான் முடிவு செய்யும், அதிலும் கடற்கரையோரம் நின்ற காருக்கு.

முதலில் தறப்பாளைக் கழற்றுங்கள். அது மழையைத் தடுத்ததைவிட ஈரத்தைப் பிடித்து வைத்ததே அதிகம். இந்தக் காருக்குத் தனிச் சேசி கிடையாது, ரோட்ஸ்டருக்குக் கூரையும் இல்லை. முழுப் பாரத்தையும் தாங்குவது கதவுகளுக்குக் கீழே நீளும் சில் என்ற பெட்டிதான். வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று அது அடுக்கடுக்காக இருக்கும். துணி சுற்றிய காந்தத்தை அதன் மேல் நகர்த்திப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, ஓட்டையை நிரப்பிய புட்டிப் பசைதான் இருக்கிறது. கீழ்விளிம்பையும் முன் மட்காட்டின் பின்மூலையையும் ஸ்குரூ டிரைவரால் குத்துங்கள். பிறகு ஜாக்கியால் ஒரு பக்கத்தை மெல்ல உயர்த்தி, கதவு இடைவெளியைக் கவனியுங்கள். இடைவெளி மாறினாலோ கதவு இறுகினாலோ உள்தகடுவரை போய்விட்டது என்று அர்த்தம்.

போயிருந்தால், டிங்கரிங் பாஸ்மார் பலர் பழைய சில்லின் மேல் புதுத்தகட்டை மூடி ஒட்டித் தரலாம் என்பார்கள். மலிவுதான், ஆனால் உள்ளே கறள் தொடரும், பலமும் வராது. ஒத்துக்கொள்ளாதீர்கள். சரியான முறையில் போல்ட்டில் நிற்கும் முன் மட்காட்டைக் கழற்ற வேண்டும், பின் மட்காட்டின் அடியை வெட்ட வேண்டும். வெட்டுமுன் காரை மட்டமாக முட்டுக்கொடுத்து நிறுத்தி, கதவு இடைவெளியில் கீல் தூணுக்கும் பூட்டுத் தூணுக்கும் குறுக்கே இரும்புக் குழாய் பற்றவைத்து இறுக்குங்கள். ஒரு பக்கம் முழுதாக முடிந்த பிறகே மறுபக்கம். இல்லாவிட்டால் கார் நடுவில் தொய்ந்துவிடும், பிறகு எந்தக் கதவும் பொருந்தாது. வெல்டிங்குக்கு முன் பெற்றோல் டாங்கை இறக்கி வெளியே வையுங்கள். பற்றரியையும் கழற்றுங்கள்.

சுத்தம் செய்த தகடு கொழும்புக் காற்றில் ஒரே இரவில் செம்மை பூக்கும். அன்றன்றே எபொக்சி பிரைமர் அடியுங்கள். பெயின்ட் முடிந்ததும் சில்லின் உள்ளே மெழுகு தெளித்து, அடியிலுள்ள வடிகால் துளைகளைத் திறந்தே விடுங்கள்.

இனி எஞ்சின். நான்கு பிளக்கையும் கழற்றி, ஓட்டோமற்றிக் கியர் ஒயிலும் (ஏ.டி.எஃப்.) அசிற்றோனும் பாதிக்குப் பாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் 30 மி.லீ. அளவு ஊற்றுங்கள். அசிற்றோன் எளிதில் தீப்பிடிக்கும், பக்கத்தில் சிகரெட் கூடாது. ஒரு வாரம் விட்டு, நாலாம் கியரில் போட்டுக் காரை முன்னும் பின்னும் கையால் ஆட்டுங்கள். ஸ்டார்ட்டர் வேண்டாம். அசையாவிட்டால் இன்னொரு வாரம். அதற்கும் மசியாவிட்டால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும்.

சுற்றத் தொடங்கியதும் பழைய ஒயிலை வடித்து, ஃபில்டர் மாற்றி, 20டபிள்யூ-50 ஊற்றி, பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். ஒயில் மீட்டர் முள் எழும்பிய பிறகே பிளக் போடுங்கள். வால்வு இடைவெளி 0.015 அங்குலம், டிஸ்ட்ரிபியூட்டர் பொயின்ட் 0.014 முதல் 0.016, பிளக் 0.025. கியர்பொக்ஸுக்கும் அதே எஞ்சின் ஒயில்தான். 90 கியர் ஒயில் ஊற்றும் பழக்கம் இதற்குச் சரிவராது. கிளச் மிதித்தும் கியர் பிரியாவிட்டால் தட்டு கறளால் ஒட்டியிருக்கிறது, இது நின்ற கார்களில் சாதாரணம்.

பழைய பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணாதீர்கள். அது வார்னிஷாகிக் காபரேற்றரை அடைக்கும். டாங்கின் மேல்தகடு வெளியிலிருந்தே அரிக்கும் இடம், இறக்கினால்தான் தெரியும். பெற்றோல் வாசம் இருந்த டாங்கை எவரும் பற்றவைக்கக்கூடாது.

பிரேக்கில் சிக்கனம் பார்க்காதீர்கள். உங்கள் காரின் காலத்து மொடலில் பொதுவாக நான்கு சக்கரத்துக்கும் பிரேக் எண்ணெய் போக ஒரே வழி, ஒரு இடத்தில் கசிந்தால் நான்கும் போகும். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் இரண்டுக்கும் புது ரப்பர், புது ஹோஸ், புது டொட் 4 எண்ணெய். பழைய ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி பிரேக்கைப் பிடித்து வைக்கும்.

ஆசனங்களுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பற்றரிகள் தொடராக இருக்கும். 1967க்கு முந்திய எம்.ஜி.பி.க்களில் பொசிட்டிவ்தான் எர்த் (பொடியோடு இணையும் முனை). உங்களுடையது நெகட்டிவ் எர்த் ஆக இருக்க வேண்டும். யாராவது மாற்றியிருக்கலாம், வயரைப் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள்.

ஸ்பானர்கள் அங்குல அளவில் வாங்குங்கள். அரை அங்குல நட்டில் 13 மி.மீ. ஏறும், 0.3 மி.மீ. ஆடும், கறள்பிடித்த நட்டின் முனை அதிலேயே உருண்டுவிடும்.

பிரேக் பைப், பெற்றோல் ஹோஸ், பல்ப் போன்ற பொதுச் சாமான்களைக் கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடுங்கள். சில் தகடுகள் இங்கிலாந்தில் இன்னும் புதிதாகக் கிடைக்கின்றன. பரிசோதனை முடிந்தபின் ஒரே பட்டியலாக எடுத்தால் கப்பல் கூலி மிச்சமாகும். அதற்கும் முன்னால், சேசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தில் உள்ளவைதானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். எஞ்சின் மாறியிருந்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதைச் சரிசெய்துவிட்டே சில் தகட்டுக்குக் காசு கட்டுங்கள்.